கைக்கு வேலை கொடுத்த ஊர்

(தீபாவளிச் சிறப்புப் பட்டிமன்றம், விருதுநகர். தலைப்பு: ‘இணையக் குற்றங்கள் பெருகப் பெரிதும் காரணம் பேராசையா? பிழைக்க வழியின்மையா?’ ‘பிழைக்க வழியின்மையே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



எனக்கு முன்னால பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். “ஏமாத்துறவனுக்கும் பேராசை, ஏமாறுறவனுக்கும் பேராசை, ரெண்டு பேராசையும் செல்போன்ல சந்திக்கிற இடந்தான் இணையக் குற்றம்” அப்படின்னார். கைதட்டல் அள்ளிட்டார். அய்யா, நான் இந்த மாவட்டத்துல ஒரு வங்கிக் கிளையில வேலை பார்க்கிறவ. எங்களுக்கு யாரும் கை தட்டுறதில்லை. “பாஸ்புக் மெஷின் ஏன் வேலை செய்யலை?”ன்னு கவுண்டரைத்தான் தட்டுவாங்க. (சிரிப்பு) ஆனா ஒண்ணு. பணம் எங்கிருந்து வந்து எங்கே போகுதுன்னு எங்களுக்குத் தெரியும். அதனால மேடைக் கணக்கை விட்டுட்டு, வங்கிக் கணக்குக்கு வர்றேன்.

ஏமாறுறவனுக்குப் பேராசைன்னு சொன்னீங்களே, ஒரு நாள் எங்க கிளைக்கு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருத்தங்க வந்தாங்க. வைப்புநிதியை உடனே உடைக்கணும்னாங்க. கை நடுங்குது. முகமெல்லாம் வேர்வை. “என்னம்மா அவசரம், ஆஸ்பத்திரிச் செலவா?”ன்னு கேட்டேன். பதில் இல்லை. கைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாங்க. பைக்குள்ள செல்போன் பேச்சுலயே இருக்கு! அந்தப் பக்கம் ஒருத்தன், “உங்க பேர்ல போதைப்பொருள் பார்சல் வந்திருக்கு, நாங்க போலீஸ், உங்களை ‘டிஜிட்டல் கைது’ செஞ்சிருக்கோம், யார்கிட்டயும் பேசக் கூடாது”ன்னு மிரட்டிக்கிட்டே இருக்கான். நான் பையிலிருந்து போனை எடுத்து அணைச்சேன். அந்தம்மா அப்படியே நாற்காலியில உட்கார்ந்து அழுதாங்க. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த கை, அய்யா! அங்கே பேராசை எங்கே இருக்கு? பயம்தான் இருக்கு. நம்ம நாட்டுச் சட்டத்துல ‘டிஜிட்டல் கைது’ன்னு ஒண்ணே கிடையாது. 2024 அக்டோபர்ல பிரதமரே வானொலியில அதைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அதே 2024-ல நம்ம நாட்டு மக்கள் இணைய மோசடிகள்ல இழந்த பணம் 22,845 கோடி ரூபாய்னு மத்திய அரசே நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு. முந்தின வருஷத்தைப் போல மூணு மடங்கு!

சரி, போனுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவங்களைப் பார்த்தாச்சு. அந்தப் பக்கம் இருக்கிறவன் யாரு? தலைப்பே அதுதான். நடுவர் அவர்களே, தலைப்புல ஒரு சொல் இருக்கு. எதிரணி நண்பர்கள் அதைத் தாண்டிக் குதிச்சுப் போயிட்டாங்க. ‘பெருக’! இணையக் குற்றம் ‘பெருக’ என்ன காரணம்? பேராசை இன்னைக்கு நேத்தா வந்தது? வள்ளுவர் காலத்துலயே திருட்டு இருந்ததாலதான் கள்ளாமைக்குன்னு ஒரு அதிகாரம் வெச்சார். ஆனா அதே வள்ளுவர் நல்குரவுக்கும், அதாவது வறுமைக்கும், ஒரு அதிகாரம் வெச்சார். பேராசை எல்லா ஊர்லயும் இருக்கு. வட்டிதான் ஊருக்கு ஊர் மாறும், பேராசை மாறாது. அப்ப இந்தக் குற்றமும் எல்லா ஊர்லயும் ஒரே அளவுல இருக்கணுமா இல்லையா? இல்லையே! கான்பூர் ஐ.ஐ.டி.யோட ஆதரவுல இயங்குற ஒரு ஆய்வு அமைப்பு 2023-ல கணக்கெடுத்தது. நாட்டுல நடந்த இணையக் குற்றத்துல 80 சதவீதம் பத்தே பத்து மாவட்டத்துலேர்ந்து வருதுன்னு சொன்னது. ராஜஸ்தான்ல பரத்பூர், உத்தரப் பிரதேசத்துல மதுரா, அரியானாவுல நூஹ், ஜார்க்கண்ட்ல தேவ்கர், ஜாம்தாரா... இப்படி. ஏன் குவிஞ்சு கிடக்கு? அந்தப் பத்து மாவட்டத்துல மட்டும் மழையோட சேர்ந்து பேராசையும் பெய்ஞ்சதா? (சிரிப்பு, கைதட்டல்)

வாங்க, ஒரு சுற்று போயிட்டு வருவோம். முதல்ல நைஜீரியா. எழுபதுகள்ல அந்த நாட்டுல எண்ணெய்ப் பணம் கொட்டுச்சு. எண்பதுகள்ல எண்ணெய் விலை சரிஞ்சது. பட்டம் வாங்கின பிள்ளைகள் தெருவுல நின்னாங்க. அப்ப கிளம்புனதுதான் அந்தக் கடிதம். “நான் இளவரசன், என் சொத்து கோடிக்கணக்குல முடங்கிக் கிடக்கு, கொஞ்சம் முன்பணம் அனுப்புங்க, பங்கு தர்றேன்.” முதல்ல தபால்ல வந்தது, அப்புறம் ஃபேக்ஸ்ல வந்தது, அப்புறம் மின்னஞ்சல்ல வந்தது. அதுக்குப் பேரு ‘419’. அவங்க குற்றச் சட்டத்துல மோசடிக்கான பிரிவு அது. நமக்கு 420, அவங்களுக்கு 419. ஒரு நம்பர்தான் வித்தியாசம்! நாமளும் 2024 ஜூலையிலேர்ந்து 420-ஐ 318-ன்னு மாத்திட்டோம். நம்பரை மாத்திட்டோம், ஆளைத்தான் மாத்த முடியலை. (சிரிப்பு)

அடுத்து ரஷ்யா. 1991-ல சோவியத் யூனியன் உடைஞ்சது. கணிதமும் பொறியியலும் கரைச்சுக் குடிச்சவங்களுக்குச் சம்பளம் இல்லை. 1994-ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல உட்கார்ந்துக்கிட்டு ஒருத்தர், அமெரிக்காவோட சிட்டி பேங்க் கணக்குகள்லேர்ந்து சுமார் ஒரு கோடி டாலரை நகர்த்தினார். மூளைக்கு வேலை கொடுக்காட்டா, மூளை தானே ஒரு வேலையைத் தேடிக்கும் அய்யா!

மூணாவது, பிலிப்பைன்ஸ். 2000 மே 4. உலகம் முழுக்க கணினிகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு, ‘ஐ லவ் யூ’. நடுவர் அய்யா, உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருந்தா திறக்காம இருந்திருப்பீங்களா? (சிரிப்பு) அம்மா முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க, பதில் சொல்ல வேண்டாம்! (பலத்த சிரிப்பு) திறந்தவன் கணினியெல்லாம் படுத்துருச்சு. பல நூறு கோடி டாலர் நஷ்டம்னாங்க. யார் செஞ்சதுன்னு பார்த்தா, மணிலாவுல ஒரு கணினிக் கல்லூரி மாணவன். எதுக்குச் செஞ்சான்? அன்னைக்கு இணைய இணைப்புக்குக் கட்டணம் அதிகம். அவன்கிட்ட காசில்லை. அடுத்தவங்க பாஸ்வேர்டை எடுத்தா இணையத்துல நுழையலாம்னு பார்த்தான். அந்த நாட்டுல அதைத் தண்டிக்கச் சட்டமே அப்ப இல்லை, வழக்கு நிற்கலை. இருபது வருஷம் கழிச்சு ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனப்போ, மணிலாவுல ஒரு சின்னக் கடையில செல்போன் பழுது பார்த்துக்கிட்டு இருந்தார். உலகத்துக்கே நஷ்டம் உண்டாக்கினவர் வீட்டுல நாலு காசு சேரலை. இதுக்குப் பேரு பேராசைன்னா, இப்படி நட்டமான ஒரு பேராசையை நான் பார்த்ததில்லை.

இனி நம்ம நாடு. ஜாம்தாரா. கல்கத்தாவுலேர்ந்து டில்லி பக்கம் போற ரயில் பாதையில இருக்கு. அங்கே கர்மாடாண்டுன்னு ஒரு ஊர். வங்காளத்துப் பெரியவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் தன்னோட கடைசிக் காலத்துல பல வருஷம் அங்கேதான் தங்கியிருந்தார். ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடம் நடத்தினார். ரயில் நிலையத்துக்கே அவர் பேருதான், ‘வித்யாசாகர்’. அப்பேர்ப்பட்ட ஊரு, “சார், உங்க ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆயிருச்சு, பின்னால இருக்கிற நம்பரைச் சொல்லுங்க”ங்கிற போனுக்குப் பேர் வாங்கிருச்சு. எப்படி? சில பையன்கள் வெளியூர் போனாங்க. இந்த வித்தையைக் கத்துக்கிட்டாங்க. ஊருக்குத் திரும்பி வந்து, அண்ணன் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. தம்பி சேக்காளிக்குச் சொல்லிக் கொடுத்தான். வயல்ல விளைச்சல் இல்லை, ஊர்ல ஆலை இல்லை. கையில போன் மட்டும் இருந்தது. ஊரே கத்துக்கிருச்சு.

இப்ப எதிரணியில ஒரு கேள்வி கேட்பாங்க. நானே கேட்டுடறேன். 2018-ல நிதி ஆயோக், பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியல் போட்டது. ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’னு நாகரிகமாப் பேர் வெச்சாங்க. அதுல கடைசி இடம், நான் சொன்னேனே நூஹ், அந்த மாவட்டத்துக்கு. ஒரு மணி நேரப் பயணத்துல குருகிராம் கண்ணாடி மாளிகைகள்; இங்கே குடிதண்ணிக்குக் குடம். சரி, அதே பட்டியல்ல தமிழ்நாட்டுலேர்ந்து ரெண்டு மாவட்டம் இருந்தது. ஒண்ணு ராமநாதபுரம். இன்னொண்ணு? நாம நிற்கிற இந்த மண்ணு! விருதுநகர்! “அம்மா, அதே பட்டியல்ல நீங்களும் இருக்கீங்க. உங்க ஊரு திருட்டுக்குப் பேர் வாங்கலையே! அப்ப வறுமை காரணமில்லைன்னு ஆயிருச்சே!” கேட்பீங்களா மாட்டீங்களா?

நல்ல கேள்வி. அதுக்குப் பதில் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கே வந்தேன்.

நம்ம கரிசக்காடு வானம் பார்த்த பூமி. மழை ஏமாத்தினா கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால, 1922 வாக்கில, சிவகாசியிலேர்ந்து ரெண்டு பேர் கிளம்பினாங்க. அய்ய நாடார், சண்முக நாடார். எங்கே போனாங்க? கல்கத்தாவுக்கு! மொழி தெரியாத ஊர்ல தங்கி, தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டாங்க. ஊருக்குத் திரும்பி வந்தாங்க. அண்ணன் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. தம்பி சேக்காளிக்குச் சொல்லிக் கொடுத்தான். தீப்பெட்டி வந்தது. தீப்பெட்டிக்கு மேல ஒட்டுற லேபிளுக்காக அச்சகம் வந்தது. அப்புறம் பட்டாசு வந்தது. குட்டி ஜப்பான்னு பேர் வந்தது.

கவனிச்சீங்களா அய்யா? ஜாம்தாராவுல நடந்ததும் இதேதான், சிவகாசியில நடந்ததும் இதேதான்! வறண்ட ஊரு. வெளியே போன ரெண்டு பேர். கத்துக்கிட்டு வந்த ஒரு வித்தை. ஊர் முழுக்கப் பரவுச்சு. தொழில் எப்படிப் பரவுதோ, அதே வழியிலதான் குற்றமும் பரவுது. ஊருக்கு முதல்ல வந்து சேர்ந்தது எதுங்கிறதுதான் வித்தியாசம். எங்களுக்குத் தீக்குச்சி வந்து சேர்ந்தது. அவங்களுக்குத் திருட்டுப் போன் வந்து சேர்ந்தது. எங்க ஊர்ப் பையன் நல்லவனாப் பிறந்து, அந்த ஊர்ப் பையன் கெட்டவனாப் பிறக்கலை. எங்க பையன் கைக்கு வேலை இருந்தது. அவ்வளவுதான்! (கைதட்டல்)

எங்க பக்கத்துல பட்டாசுத் தொழிற்சாலையை ‘ஆபீஸ்’னுதான் சொல்லுவோம். “எங்கத்தா எங்கே?” “ஆபீஸுக்குப் போயிருக்கு.” வெளியூர்க்காரங்க, ஏதோ கலெக்டர் ஆபீஸ் போலன்னு நினைச்சுக்குவாங்க. (சிரிப்பு) காலையில வேன் வரும். தூக்குச்சட்டியோட ஏறுவாங்க. நான் எங்க ஊரை ரொம்பப் புகழ மாட்டேன். அந்த ‘ஆபீஸ்’ல ஒரு காலத்துல பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் போச்சு. 1996-ல உச்ச நீதிமன்றம் சிவகாசிப் பிள்ளைகளுக்காகவே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முப்பதுக்கு மேல உயிர். அந்தப் புகையை இந்த மாவட்டம் மறக்காது. வேலைன்னா எப்படிப்பட்ட வேலை, எவ்வளவு பாதுகாப்பான வேலைங்கிறதும் முக்கியம்தான். அதை ஒத்துக்கிட்டுத்தான் மேலே பேசுறேன்.

ஏன்னா, இப்ப அந்த வேலையும் சுருங்குது. 2018 அக்டோபர் 23. உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டது. சரவெடிக்குத் தடை போட்டது. டில்லிக் குழந்தையோட மூச்சுக்காகப் போட்ட உத்தரவு. நான் குறை சொல்ல மாட்டேன், அதுவும் பிள்ளைதான். அதே தீர்ப்புல, இணையதளம் வழியாப் பட்டாசு விற்கக் கூடாதுன்னும் சொன்னாங்க. ஆலைகள் சில மாசம் மூடிக் கிடந்தது. இங்கே சரம் பின்னியே விரல் காய்ச்சுப் போன பொம்பளைகளுக்கு, அந்த விரலுக்கு வேற வேலை என்னன்னு யாரும் உத்தரவு போடலை.

வேலை சுருங்குன இடத்துல என்ன முளைக்குது பாருங்க. தீபாவளிக்கு முன்னால செல்போனைத் திறந்தா, “சிவகாசி நேரடி விற்பனை, 80 சதவீதம் தள்ளுபடி”ன்னு விளம்பரம். பட்டாசுப் படம், விலைப் பட்டியல், வாட்ஸ்அப் எண். பணத்தைக் கட்டுனா, “லாரிச் செலவுக்கு இன்னும் கொஞ்சம் அனுப்புங்க”ம்பான். அதையும் அனுப்புனா எண் அணைஞ்சிரும். வெடியும் வராது, புஸ்வாணமும் வராது. பணம்தான் புஸ்ஸுன்னு போகும். 2024 தீபாவளிக்கு முன்னால தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு இதுக்குன்னே எச்சரிக்கை விட்டது. வருஷம் பூரா சீட்டுக் கட்டிச் சேர்த்த குடும்பத்தோட பணம் அது. திருடுறவன் எங்கேயோ இருக்கான். கெடுறது எங்க ஊர்ப் பேரு!

அந்தப் பணம் எங்கே போய் விழுது? திருடன் தன் சொந்தக் கணக்குல வாங்குவானா? மாட்டான். வாடகைக்கு ஒரு கணக்கு எடுப்பான். வீடு வாடகைக்கு, பந்தல் வாடகைக்கு, இப்ப வங்கிக் கணக்கும் வாடகைக்கு! இங்கேதான் அய்யா நான் மாட்டுனேன்.

பேரும் சொல்ல மாட்டேன். ஊரும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் ஒரு அம்மா வந்தாங்க. சரம் பின்னுறதுல கெட்டிக்காரி. தடைக்கு அப்புறம் குழாய் ஒட்டுறாங்க. “தாயி, கூலிப் பணம் எடுக்க வரலைங்குது”ன்னாங்க. பார்த்தேன். கணக்கு முடக்கப்பட்டிருக்கு. வடக்கே ஒரு மாநிலத்துப் போலீஸ்கிட்டேர்ந்து கடிதம். அந்தக் கணக்குல ஒரே நாள்ல எட்டு லட்ச ரூபாய் வந்திருக்கு; ஒரு மணி நேரத்துல போயிருக்கு. அந்தம்மாகிட்டச் சொன்னேன். “எட்டு லட்சமா? என் கணக்குலயா? எட்டாயிரம் சேர்ந்து நான் பார்த்ததில்லையே தாயி!” மாசாமாசம் வர்ற ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கு.

அது ஜன் தன் கணக்கு. 2014 ஆகஸ்ட்ல திட்டம் தொடங்கினப்போ, நாங்க மேஜையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போனோம். அந்தக் கணக்கைத் தொடங்கி, அந்தம்மா கைரேகையை வாங்கினவ நான்தான். “இனிமே உங்க பணம் பத்திரம்”னு சொன்னவளும் நான்தான்.

பையனைக் கூப்பிட்டேன். பாலிடெக்னிக்ல டிப்ளமோ. திருப்பூர் போனான், வேலை நிலைக்கலை, திரும்பி வந்துட்டான். கேட்டதும் தலையைக் குனிஞ்சான். “தெரிஞ்ச பையன் ஒருத்தன் கேட்டான் மேடம். ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக், சிம் மூணையும் பத்து நாளைக்குக் கொடு, அஞ்சாயிரம் தர்றேன்னான். கம்பெனிப் பணம், வரிக்காகச் சுத்தி விடுறாங்கன்னான்.” அஞ்சாயிரத்தை என்னப்பா செஞ்சேன்னேன். மூவாயிரம் தங்கச்சிக் கல்லூரிக் கட்டணம். ரெண்டாயிரம் செல்போன் தவணை.

எதிரணி எழுந்திருக்குது பாருங்க! “செல்போன் தவணையா? அப்ப ஆசைதானே!” ஆமாங்க, ஆசைதான். எந்த வயசுப் பிள்ளைக்கு ஆசை இல்லை? ஆனா அந்தப் போன்லதான் அவன் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருந்தான். எத்தனை இடத்துக்குப் போட்டிருந்தான்னு எனக்குக் காட்டினான். பக்கம் பக்கமாப் போகுது. ஒரு பதில் இல்லை. வந்த ஒரே பதில், கணக்கை வாடகைக்குக் கேட்டவனோட பதில்.

அந்தம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. “அந்த எட்டு லட்சம் யாரோடது தாயி?” வடக்கே ஓய்வு பெற்ற ஒரு பெரியவரோடதாம்னு சொன்னேன். “பாவம். என் கூலி அதுல கிடக்குல்ல? அதை அவருக்கு அனுப்பிரு. அது போதாது. மிச்சத்தை நான் ஒட்டிக் கொடுத்துடறேன்”னாங்க. ஆயிரம் குழாய் ஒட்டினா என்ன கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க, எட்டு லட்சத்தை ஒட்டிக் கொடுக்கிறேன்னு! நடுவர் அவர்களே, ஏழைக்கு ஒழுக்கம் இல்லைன்னு நான் வாதாட வரலை. ஏழைக்கு ஒழுக்கம் இருக்கு. வழிதான் இல்லை. (நீண்ட கைதட்டல்)

மறுநாள் தாயையும் மகனையும் நானே காவல் நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மறைக்காம எல்லாத்தையும் சொல்ல வெச்சேன். கணக்கை வாங்கினவனைப் பிடிச்சாங்க. அவனும் ஒரு பையன்தான். ஒரு கணக்குக்கு ஆயிரம் ரூபாய் கமிஷன். அவனுக்கு மேல இருக்கிறவன் ஒரு வாட்ஸ்அப் எண். அந்த எண் இன்னைக்கு இல்லை. வழக்கு நடக்குது. அந்தம்மா கூலி இன்னும் முழுசாக் கைக்கு வரலை.

பட்டாசுக்காரங்களுக்குத் தெரியும். வெடிக்கு மூணு வேணும்: மருந்து, திரி, நெருப்பு. வேலையில்லாம ஊர் ஊராக் குவிஞ்சு கிடக்கிற இளைஞர் கூட்டம் மருந்து. “நான் சொல்லித் தர்றேன் வா”ங்கிற சேக்காளி திரி. எங்கேயோ உட்கார்ந்து பற்ற வைக்கிறானே, அவன்தான் பேராசை. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா மருந்தே இல்லாத இடத்துல நெருப்பை வெச்சா என்ன ஆகும்? குச்சி கருகும், வெடி வெடிக்காது. ஒரு பேராசைக்காரனுக்கு ஒரு வாய்தான், ஒரு போன்தான். ‘பெருக’ணும்னா அவனுக்கு ஆயிரம் ஆள் வேணும். அந்த ஆயிரம் ஆளை அவன் வாசல்ல கொண்டுபோய் நிறுத்துறது எது? பிழைக்க வழியில்லாமை!

நம்பலைன்னா மியான்மர் எல்லையைப் பாருங்க. “பாங்காக்ல கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம்”னு கூட்டிட்டுப் போறாங்க. ஆற்றைக் கடத்தி மியாவடிப் பக்கம் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கிறாங்க. துப்பாக்கிக் காவல். “உன் நாட்டுக்காரனுக்குப் போன் போட்டு ஏமாத்து, இல்லைன்னா அடி, கரண்ட் ஷாக்.” 2022 அக்டோபர்ல அங்கேர்ந்து மீண்டு 13 தமிழர்கள் சென்னையில வந்து இறங்கினாங்க. 2025 மார்ச்ல ரெண்டே நாள்ல 549 இந்தியர்களை விமானப்படை விமானத்துல கூட்டிட்டு வந்தாங்க. மியான்மர்ல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேர், கம்போடியாவுல சுமார் ஒரு லட்சம் பேர் இப்படி அடைபட்டிருக்கலாம்னு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல சொன்னது. போன்ல நம்மை ஏமாத்துறவன் முதுகுல தடி இருக்கு அய்யா! அங்கே திருடனே அடிமை. அவன் கிளம்பினது திருடுறதுக்கு இல்லை, வேலைக்கு!

பட்டாசு விபத்துல யாருக்குக் காயம்? மருந்து அறையில இருக்கிறவனுக்கு. லாபக் கணக்கு எழுதுறவன் அந்த அறையில இருக்கிறதில்லை. இணையக் குற்றத்துலயும் அப்படித்தான். விலங்கு மாட்டுறது அஞ்சாயிரத்துக்குக் கணக்குக் கொடுத்தவன் கையில. தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66-டி, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். கோடியை எடுத்தவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிச்சுடறேன் அய்யா. அதனால திருடினது சரின்னு நான் சொல்ல வரலை. அந்தத் தலைமை ஆசிரியை அழுத அழுகையைப் பார்த்தவ நான். தப்பு தப்புதான். வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கு ரெண்டு வார்த்தை. பணம் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930-க்குப் போன் பண்ணுங்க. வெட்கப்படாதீங்க, நேரம் போகப் போகப் பணமும் போயிரும். உங்க பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் தாலி மாதிரிப் பாருங்க. யாருக்கும் கழட்டிக் கொடுக்காதீங்க. வெளிநாட்டு வேலைன்னு வந்தா, மத்திய அரசுல பதிவு செஞ்ச முகவரான்னு விசாரிச்சுட்டுப் பிள்ளையை அனுப்புங்க.

ஆனா இந்த எச்சரிக்கையெல்லாம் தண்ணி வாளிதான். ஒவ்வொரு பட்டாசு ஆபீஸ்லயும் வாசல்ல தண்ணி வாளி இருக்கும், இருக்கணும். அதுக்காக மருந்தைக் குவிச்சு வெச்சுக்கிட்டே போக முடியுமா? இந்த ஊர்ல பிறந்த காமராசர், பசியோட இருக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாதுன்னு மதியச் சோறு போட்டார். சோறு போட்டார், படிப்பு வந்தது. படிச்ச பிள்ளை இன்னைக்கு வாசல்ல நிற்குது. அதுக்கு அடுத்த சோறு, வேலை. நூறு வருஷத்துக்கு முன்னால கல்கத்தாவுக்குப் போன ரெண்டு பேர் வேலையோட திரும்பி வந்தாங்க. இந்த மாவட்டம் பிழைச்சது. இன்னைக்கு நம்ம பிள்ளை வெளியே போறான். அவன் எதைக் கத்துக்கிட்டு ஊருக்குத் திரும்பப் போறான்? அதைத் தீர்மானிக்க வேண்டியது அவன் மட்டுமில்லை, நாமளும்தான்.

அந்தப் பையன் இப்ப ஒரு காலண்டர் அச்சகத்துல நாள்கூலிக்குப் போறான். போன வாரம் கிளைக்கு வந்தான். “மேடம், முதல் சம்பளம். அம்மா கணக்குல போட முடியுமா?”ன்னான். முடியாது, இன்னும் முடக்கம் நீங்கலைன்னேன். “சரி மேடம், கையிலயே கொடுத்துடறேன்”னு சிரிச்சுக்கிட்டே போனான். வேலை கிடைச்ச ஒரு பையனோட சிரிப்பு அது. அதைவிடப் பெரிய சாட்சி என்கிட்ட இல்லை.

ஆகவே, இணையக் குற்றங்கள் பெருகப் பெரிதும் காரணம் பிழைக்க வழியின்மையே! பிழைக்க வழியின்மையே! என்று கூறி, நல்ல தீர்ப்பை நடுவர் அவர்களிடம் எதிர்பார்த்து முடிக்கிறேன்.